வருத்தம் என்னும் ஒரு சொல்

ஈழத் தமிழில் நோய்க்கு வழங்கும் பெயர் ‘வருத்தம்’ என்பது. காய்ச்சலும் வருத்தம், நீரிழிவும் வருத்தம். தமிழ்நாட்டார் இச்சொல்லைத் துயரம் என்ற பொருளிலேயே ஆள்வர். ‘அவருக்கு வருத்தம்’ என்று நாம் கூறக் கேட்டு, ‘யார்மேல் வருத்தம்?’ என அவர்கள் வினவுவதும் உண்டு. உடலின் நோவுக்கும் உள்ளத்தின் நோவுக்கும் ஒரே பெயரை வழங்கும் இவ்வழக்கின் ஆழத்தை இவ்வாண்டு என் இல்லத்திலே கற்று வருகின்றேன்.

என் மனைவியாருக்கு மார்பகப் புற்றுநோய். சத்திர சிகிச்சை முடிந்துவிட்டது. வருகின்ற கிழமை மட்டக்களப்பிலே மருந்தேற்றல் தொடங்கவிருக்கின்றது. ‘கீமோதெரபி’ என்று வைத்தியர்கள் கூறும் அச்சிகிச்சைக்கு ஒருவர் தம் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். அவரது இசைவு பெற்றே எழுதுகின்றேன். “எழுதுங்கள், நாலு பெண்டுகள் அறியட்டும்” என்றார்.

ஆயத்தத்தின் முதற்படி, நோயைப் பெயர் சொல்லி அழைப்பது. எங்கள் திருக்கோவிற் பகுதியில் அதனைச் செய்வார் அரியர். ‘அந்த வருத்தம்’ என்று குரலைத் தாழ்த்திக் கூறுவர். காப்பியம் கற்பிக்கும் பொழுது கொங்கை என்றும் நகில் என்றும் வரும் சொற்களுக்கு நாம் கூச்சமின்றிப் பொருள் கூறுகின்றோம். ஆயின், அதே ஊரில் ஒரு பெண் ‘இவ்விடத்தில் ஒரு கட்டி தென்படுகின்றது’ என்று பெற்ற தாயிடமும் கூற நாணி, மாதக்கணக்கில் மறைத்து வைக்கின்றாள். நாணம் நற்குணமே; உயிரை விலையாகக் கேட்கும்பொழுது அது நற்குணமாகாது. பெயரைச் சொன்னால் வினா எழும். வினா எழுந்தால் வைத்தியரிடம் விடையும் கிடைக்கும்.

அங்கம் ஒன்றை இழந்த பெண்ணைக் குறையுடையவளாக எண்ணும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். எமக்கு அண்மையில் தம்பிலுவிலிலே கண்ணகி அம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களிலே குளிர்த்தி நிகழும். கரையோரத்துத் தமிழரெல்லாம் திரள்வர். இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவளையே நாம் தாயென்று தொழுகின்றோம். அவளைக் குறையுடையவள் என்று சொன்னவர் இம்மண்ணில் எவருமில்லை. பண்டிதன் என்ற முறையில் நான் இதனை என் மனைவியாருக்கு எடுத்துரைக்கவில்லை. சத்திர சிகிச்சையின் பின் ஒருநாள் அவரே எனக்கு எடுத்துரைத்தார்.

இனி, மருந்தைப் பற்றிய அச்சம். ‘அது மருந்தல்ல, நஞ்சு’ என்று உறவினர் பலர் ஓதினர். அக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. முதலாம் உலகப் போரிலே பயன்பட்ட மஸ்டார்ட் என்னும் நச்சுப்பொருளின் இனத்திலிருந்தே இவ்வகை மருந்து பிறந்தது. 1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே புற்றுநோயாளி ஒருவருக்கு அது முதன்முறை ஏற்றப்பட்டது. மற்றொரு மருந்தின் வரலாறு நம் அயலோடு தொடர்புடையது. ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிலே பயின்று, பின்னர் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மெதோட்ரெக்சேற்று என்னும் மருந்து அவரது ஆய்வுக்குழுவின் உழைப்பால் உருவாயிற்று. அது மார்பகப் புற்றுநோயையும் அடக்கவல்லது என்பதை 1951இல் ஜேன் ரைட் என்னும் கறுப்பினப் பெண் வைத்தியர் காட்டினார். அதனோடு வேறிரு மருந்துகளைச் சேர்த்துச் சத்திர சிகிச்சையின் பின் கொடுத்தால் நோய் மீள்வது குறைகின்றது என்பதை 1976இல் இத்தாலியின் மிலான் நகரத்து வைத்தியர் பொனடோனாவும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். நஞ்சை அளவறிந்து கொடுத்தால் மருந்தாம் என்பது நம் சித்தர் மரபுக்கும் புதிய செய்தியன்று.

இம்மருந்து விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவது. புற்று அவ்வாறு பெருகுவது; ஆதலின் அழிகின்றது. ஆயின் மயிரின் வேரும், வாயின் உட்தோலும், குருதியணுக்களை ஆக்கும் என்புமச்சையும் அவ்வாறே பெருகுவன. ஆதலின் அவையும் துன்புறுகின்றன. இவ்வொரு காரணத்தை விளங்கிக்கொண்டால், வரும் துன்பங்கள் பேய் பிசாசின் செயல்களாகத் தோன்றா. எதிர்பார்த்த விருந்தினராகத் தோன்றும்.

முதல் விருந்தினர் முடி உதிர்தல். எல்லா மருந்துக்கும் அது நிகழ்வதில்லை. நிகழுமாயின், பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமைகளில் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும். திருக்கோவில் முருகனுக்கு நேர்த்திவைத்து முடியிறக்கும் வழக்கம் நமக்கு உண்டு. ‘கொத்துக் கொத்தாகத் தலையணையில் காண்பதிலும், நானாகக் கொடுப்பது மேல்’ என்று கூறி, என் மனைவியார் கூந்தலை முன்னரே கட்டையாக வெட்டுவித்துக்கொண்டார். அவரோடு ஒரே கிளினிக்குக்கு வரும் அக்கரைப்பற்று முஸ்லிம் சகோதரி ஒருவர், மென்மையான பருத்தி முக்காடு இரண்டைக் கொணர்ந்து கொடுத்து, உறுத்தாமல் கட்டும் முறையையும் கற்பித்தார்.

இரண்டாவது, மிக முக்கியமானது, காய்ச்சல். மருந்தேற்றி ஒரு கிழமை சென்றபின் வெண்குருதியணுக்கள் குறையும். அக்காலத்தில் 38 பாகை செல்சியசுக்குக் காய்ச்சல் எறிந்தால், இரவாயினும் பகலாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குளிசை ஒன்றை விழுங்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருத்தல் உயிருக்கே கேடு. ஆகவே நாங்கள் முதலில் வாங்கிய பொருள் ஒரு வெப்பமானி. இரவில் அழைத்தால் வரக்கூடிய ஓட்டோக்காரத் தம்பியிடமும் முன்னரே சொல்லி வைத்திருக்கின்றோம்.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுவேன். சொத்தைப் பல் இருப்பின் மருந்து தொடங்குமுன் பல் வைத்தியரைக் காணுதல் நன்று. வாய்ப்புண்ணுக்கு மென்மையான பற்தூரிகையும் இளஞ்சூட்டு உப்புநீரும் உதவும். சத்திக்கு இன்று நல்ல மருந்துகள் உண்டு. வந்தபின் அன்று, வருமுன்னரே உண்ணவேண்டும். மூன்று வேளைப் பெருஞ்சோற்றிலும், சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது எளிது. பரிசாரியாரின் குடிநீரையும் அயலவரின் கைமருந்தையும் வைத்தியரைக் கேளாமல் கலத்தலாகாது. பிள்ளைப்பேற்றை விரும்பும் இளம்பெண்கள் அதனை மருந்து தொடங்குமுன்னரே வைத்தியரிடம் பேசுதல் வேண்டும். சிலவகை மருந்து சிவப்பு நிறமுடையது. ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். அது குருதியன்று என்பதை முன்னறியாதார் பெரிதும் கலங்குவர்.

பயிற்சிக் கொப்பி ஒன்றில் இவற்றையெல்லாம் குறித்திருக்கின்றோம். இடப்பக்கத்தில் அவரது வினாக்கள். வலப்பக்கத்தில் வைத்தியரின் விடைகள். அவரது வினாக்களுள் ஒன்று: ‘பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?’ விடை: ‘இந்நோய் தொற்றுவதன்று, பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் இல்லாவிடில் தாராளமாகத் தூக்கலாம்.’ கொப்பி முழுவதிலும் அவர் இருமுறை கோடிட்ட விடை அது ஒன்றே.

உள்ளத்தின் ஆயத்தம் பற்றித் தனியாகச் சொல்ல என்ன இருக்கின்றது? அவர் அழும்பொழுது ‘அழாதே’ என்று கூறுவதில்லை என நான் உறுதி பூண்டிருக்கின்றேன். பார்க்க வருவோர் இறந்துபோனவர் கதைகளைச் சொல்லத் தொடங்கினால், தேநீர் கொடுத்துப் பேச்சை மாற்றுவது மகளின் பொறுப்பு. சமைப்பது இனி என் பொறுப்பு. கஞ்சி இப்பொழுது அடிப்பிடிப்பதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டிலே வரும் அருஞ்சொற்களுக்கெல்லாம் பதவுரை கூறுகின்ற நாம், நம் மாணவியர் வீடுகளிலே வாய்க்குள் விழுங்கப்படும் இச்சொல்லுக்கும் பொருள் கூறக் கடமைப்பட்டவர்கள். வகுப்பில் ஒருமுறை அதனை அச்சமின்றி உச்சரித்தாற் போதும். அன்று மாலை ஏதோவொரு வீட்டில், ஒரு மகள் தன் தாயிடம் அதனைக் கேட்பாள்.