எள்ளுத் தாத்தா எந்த ஊர்? கப்பல் பட்டியலில் தேடலாம்

எங்கள் ப்ராஜெக்டில் வேலை பார்க்கும் ஒரு தோழி தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்தவர். தமிழ்ப் பெயர்தான், ஆனால் தமிழ் பேச வராது. இரண்டு வார வேலையாகச் சென்னைக்கு வந்திருந்தபோது ஒரு நாள் மதியச் சாப்பாட்டில், "என் எள்ளுத் தாத்தா பெயர் சின்னசாமி, ஊர் ஆற்காடு என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் கிராமத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார். வேலூருக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர்காரன் என்ற தைரியத்தில் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16-ம் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்கள் 1,52,000-க்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று கப்பல் வாரியாக எழுதி வைத்தார்கள். இந்தப் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருப்பது குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம். ஒரு வேடிக்கை: சொந்தச் செலவில் டிக்கெட் வாங்கிக் கப்பலேறிய வியாபாரிகளுக்கு அங்கே 'பாசெஞ்சர் இந்தியர்' என்றே பெயர். அவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை!

பட்டியல் எக்ஸெல் ஃபைலாகக் கைக்கு வந்தால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய எக்ஸெல் 2003 ஷீட்டில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். முழுப் பட்டியலையும் ஒரே ஷீட்டில் போட எக்ஸெல் 2007 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு வேண்டும்.

சின்னசாமி என்று தேடினால் வரிசையாக வந்து கொண்டே இருந்தது. குடும்பத்தினர் சொன்ன இன்னொரு விவரம், மனைவி பெயர் முனியம்மா. ஆனால் அந்தச் சின்னசாமிகளில் ஒருவருடனும் முனியம்மா இல்லை.

சவுண்டெக்ஸ் இருக்கிறதே என்று அடுத்து அதை எடுத்தேன். ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலப் பெயர்களைச் சேர்த்துப் பிடிக்க அமெரிக்காவில் 1918-ல் காப்புரிமை பெற்ற முறை இது. பல டேட்டாபேஸ் மென்பொருள்களில் இதற்கு ரெடிமேட் ஃபங்க்ஷனே உண்டு. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளுக்கு எண் கொடுக்கும். பெருமாள் என்ற பெயரை எப்படி மாற்றி எழுதினாலும் பி-654 என்றே வரும். இதுவரை அருமை. ஆனால் சின்னசாமியை ஒரு குமாஸ்தா 'சி, ஹெச்' போட்டு எழுதினால் சி-525. இன்னொருவர் 'எஸ்' போட்டால் எஸ்-525. சவுண்டெக்ஸுக்கு இவர்கள் இரண்டு வேறு ஆட்கள். கந்தசாமியும் அப்படித்தான்: 'கே' போட்டால் ஓர் ஆள், 'சி' போட்டால் வேறு ஆள். நம் பெயர்களில் குழப்பமே முதல் எழுத்தில்தான். காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாவைக் குறை சொல்ல முடியாது. இன்று நம் வீட்டு ரேஷன் கார்டையும் ஆதார் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

ஆகவே சவுண்டெக்ஸை மூடி வைத்துவிட்டு எக்ஸெல் ஃபில்டருக்குத் திரும்பினேன். பெயரின் முன்பாதியை விட்டு, நட்சத்திரக்குறி, 'ஐ, என், என், ஏ', மீண்டும் நட்சத்திரக்குறி என்று கொடுத்தால் சி-யில் தொடங்குவதும் எஸ்-ஸில் தொடங்குவதும் சேர்ந்தே வரும். வந்ததும் ஃபில்டரை எடுத்துவிட்டு எண் வரிசையில் ஸார்ட் செய்து, ஒவ்வொரு பெயருக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு வரிகளைப் படியுங்கள். ஒரு குடும்பமாகப் பதிந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள் கிடைத்திருக்கும். 'எஸ்' போட்ட ஒரு சின்னசாமிக்கு நேர் கீழே முனியம்மா இருந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, அதற்கும் தனி எண்.

இவர்தான் அவர் என்று எப்படி நம்புவது? அந்த எண்ணை டர்பனில் இருக்கும் தன் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார் தோழி. டிரங்குப் பெட்டியில் இருந்த கொள்ளுத் தாத்தாவின் கல்யாணச் சான்றிதழில் அதே எண்! சான்றிதழின் வரிசை எண் என்று நினைத்து யாரும் அதைக் கண்டு கொள்ளவில்லையாம். நான் இரண்டு ராத்திரி கண் விழித்ததற்கு முதலில் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கலாம். உங்கள் உறவினர் யாராவது கேட்டால், பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் இந்த எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த பிரச்னை ஊர். ஜில்லா வட ஆற்காடு, தாணா சந்திரகிரி. இன்றைய தமிழ்நாட்டு மேப்பில் தேடினால் கிடைக்காது. அன்றைய வட ஆற்காடு ஜில்லாவின் வடபகுதியைப் பிரித்து 1911-ல் சித்தூர் ஜில்லாவை உருவாக்கினார்கள். சந்திரகிரி இப்போது ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கிராமப் பெயரின் ஆங்கில எழுத்து சிதைந்திருந்தாலும், தாணா தெரிந்ததால் கூகுள் மேப்பில் சுற்றுவட்டாரத்தைப் பெரிதாக்கி, ஒலி பொருந்தும் பெயர்களைப் பார்த்தோம். இரண்டு கிராமங்கள் பொருந்தின.

மொரிஷியஸ் போனவர்களின் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. பலருக்குப் புகைப்படமும் உண்டு. கங்காணி கூட்டிப் போன இலங்கை, மலாயா குடும்பங்களுக்கு இந்த வழி உதவாது.

தோழி வேலூர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் திருப்பதிக்கு எடுத்தார். இரண்டு கிராமங்களுக்கும் போனார். எது சரியான ஊர் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. இரண்டிலும் ஒரு பிடி மண் எடுத்துத் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே ஊர்ப் பெயரை எழுதி எடுத்துப் போயிருக்கிறார்.