அடைப்புத் திறந்த பிறகு

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவருக்குப் போன வருடம் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். பின்னேரங்களில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி விறாந்தையில் இருப்பார். என்னைக் கண்டால் ஒரே கேள்விதான்: “அடைப்புத் திறந்திட்டுது எண்டுதானே சொன்னவங்கள் தம்பி. பிறகேன் இருதயத்தில ஒரு பக்கம் பழுதாப் போச்சு?”

விடையின் முதற்பாதி பலருக்கும் தெரிந்தது. இருதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடி அடைபட்டால் இருதயச் சுவரின் உட்பக்கக் கலங்கள் முதலில் சாகும். பிறகு சாவு வெளிப்பக்கமாகப் பரவும். அமெரிக்க ஆய்வாளர்கள் ரைமரும் ஜெனிங்ஸும் 1977இல் நாய்களில் இதைக் காட்டினார்கள். 40 நிமிடத்தில் அடைப்பை எடுத்தபோது சுவரின் பெரும்பகுதி தப்பியது. 6 மணித்தியாலம் கழித்து எடுத்தபோது தப்பியது கொஞ்சம்தான்.

மறுபாதிதான் நம்பக் கடினமானது. திரும்பி வருகிற குருதியே காயப்படுத்துகிறது. விலங்குப் பரிசோதனைகளின்படி, கடைசியில் மிஞ்சும் தழும்பில் பாதி வரைகூட இந்தக் காயத்தின் கணக்கில் சேரலாம்.

ஒட்சிசன் நின்றதும் கலம் அரைகுறையாக எரிபொருளை எரித்துக் காலம் தள்ளுகிறது. உள்ளே அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தை வெளியே தள்ள சோடியத்தை உள்ளே எடுக்கிறது. சோடியத்தை வெளியேற்றப் போய்க் கல்சியத்தை வாங்கிக்கொள்கிறது. கடனை அடைக்கக் கடன் வாங்கியவனின் நிலை. கலத்தின் சக்தி ஆலைகளான இழைமணிகளில் சக்சினேற்று என்ற பொருளும் குவிகிறது. இவ்வளவுக்கும் கலம் உயிரோடுதான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதைக் கொஞ்சம் காத்து நிற்பதும் அதே அமிலம்தான்: இழைமணியின் சவ்வில் உள்ள ஒரு துவாரத்தை அது திறக்க விடுவதில்லை.

குருதி பாய்ந்ததும் அமிலம் சில நிமிடங்களில் கழுவுண்டு போகிறது. குவிந்த சக்சினேற்று ஒட்சிசனோடு சேர்ந்து ஒரேயடியாக எரிய, கட்டுக்கடங்காத ஒட்சிசன் மூலிகங்கள் கிளம்புகின்றன. அவையும் கல்சியமும் சேர்ந்து துவாரத்தைத் திறக்கின்றன. இழைமணி ஊதிப் போகிறது. தசைநார்கள் அளவுக்கு மீறிச் சுருங்கித் தம்மைத் தாமே கிழித்துக்கொள்கின்றன. பெரிய நாடி திறந்திருந்தாலும் நுண்குழாய்களில் குருதி ஓடாமல் நிற்பதும் உண்டு.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித்தண்ணிதான் கொடுப்பார்கள். 2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட அதையே செய்தார்கள். நாய்களின் நாடியை ஒரேயடியாகத் திறக்காமல், 30 விநாடி திறந்து 30 விநாடி மூடி, மூன்று முறை செய்தார்கள். தழும்பு சிறுத்தது. அதற்கும் முன்பு, 1986இல், பெரிய அடைப்புக்கு முன் ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு சிறு அடைப்புகளைக் கொடுத்துப் பழக்கிய நாய்களில் தழும்பு கால்வாசியாகக் குறைந்திருந்தது. இருதயத்தையே தொடாமல், பிறஷர் பார்க்கும் பட்டியால் கையை இறுக்கித் தளர்த்தினாலும் பலன் வரலாம் என்ற எண்ணமும் பிறந்தது.

மனிதரிடம் வந்ததும் கதை மாறியது. கைப்பட்டி முறையை ஐரோப்பாவில் 5,401 நோயாளர்களிடம் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள்: பலனில்லை. இழைமணித் துவாரத்தை அடைக்கும் சைக்ளோஸ்போரின் 2008இல் 58 பேரிடம் நம்பிக்கை தந்தது. 2015இல் 970 பேரிடம் கைவிட்டது. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் ஜினோ குரியனின் ஆய்வுக்குழு, சயனைட் நஞ்சுக்கு மாற்று மருந்தான சோடியம் தயோசல்பேற்றை, உடலிலிருந்து தனியே எடுத்து இயக்கிய எலி இருதயங்களில் சோதித்து, அது இழைமணிகளைக் காப்பதாகக் கண்டது. அதே மருந்து நெதர்லாந்தில் மாரடைப்பு நோயாளர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது தழும்பு குறையவில்லை.

இதற்காக எலி ஆய்வு வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வுகூட எலி பெரும்பாலும் இளமையானது, சீனி வருத்தம் இல்லாதது. எங்கள் ஒழுங்கைக்காரருக்கு வயது அறுபத்தெட்டு, சீனி, பிறஷர் இரண்டும் உண்டு, குளிசைகளும் பல. போதாததற்கு, மருந்து கலத்துக்குள் போய்ச் சேர வேண்டியது குருதி திரும்பும் அந்த முதற் சில நிமிடங்களுக்குள்.

எனவே இன்றைக்குக் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் வைக்க முடியாது என்று தெரிந்தால், குருதிக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டு, பிறகு பெரிய மையத்துக்கு அனுப்புவதே நடைமுறை. திருகோணமலையிலிருந்து கண்டி ஏறத்தாழ 180 கிலோமீற்றர் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். தமிழ்நாட்டில் சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையங்களோடு இணைத்து இந்த ஏற்பாட்டை 2012 முதல் 2014 வரை நடத்திப் பார்த்தார்கள். 2,420 நோயாளர்களில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். புது மருந்து எதுவும் இல்லாமலே வந்த குறைவு இது. இங்கே இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் இலவச அம்புலன்ஸ் வரும்.

அன்றிரவு நெஞ்சு நோ எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒழுங்கைக்காரரிடம் கேட்டேன். ஒரு மணி இருக்கும் என்றார். வாயுவாக்கும் என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு, பிள்ளைகளை எழுப்ப மனமில்லாமல் விடியும் வரை படுத்திருந்தாராம்.