பக்கத்தில் உட்கார்ந்து பட்டம் வாங்கித் தந்தவர்கள்!

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் ஆடும் கூடைப்பந்தாட்டத்துக்குத் தனி மவுசு உண்டு. 1968-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹூஸ்டன் நகரில் நடந்த ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்க்க 52,693 பேர் திரண்டு வந்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

இந்த ஆட்டத்தில் ஒரு சாதனை இருக்கிறது. அதை இன்றுவரை எந்த ஆண்கள் கோஷ்டியும் முறியடிக்கவில்லை.

1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகள். இந்த 12 ஆண்டுகளில் 10 முறை தேசியப் பட்டம் ஒரே கல்லூரிக்குப் போனது. அதிலும் 7 முறை தொடர்ச்சியாக! இடையில் ஒரு தடவை, வரிசையாக 88 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை.

அந்தக் கல்லூரி எது தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். 'யு.சி.எல்.ஏ.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

கோஷ்டியின் தலைமைப் பயிற்சியாளர் ஜான் உட்டன். அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். அவருக்குப் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த உதவியாளர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களின் கதைதான் இது.

தரை பெருக்கிய தலைவர்

உட்டன் 1910-ம் ஆண்டு இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்தவர். 1948-ல் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தார்.

வந்த இடத்தில் சரியான ஆட்டக்கூடம்கூட இல்லை. ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடத்தின் மாடியில் பயிற்சி நடக்கும். அதே கூடத்தில் இன்னொரு பக்கம் மல்யுத்தம் நடக்கும். புழுதி பறக்கும். உட்டன் என்ன செய்தார்? தாமே துடைப்பம் எடுத்துத் தரையைப் பெருக்கினார். பிறகுதான் பயிற்சி!

புதிதாக வரும் மாணவர்களுக்கு அவர் சொல்லித் தரும் முதல் பாடம் என்ன? பந்து எறிவதா? இல்லை. காலுறை போடுவது! காலுறையில் மடிப்பு விழுந்தால் காலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஓட முடியாது. ஓட முடியாதவன் எப்படி ஆடுவான்? சின்ன விஷயத்தைச் சரியாகச் செய்தால் பெரிய விஷயம் தானே சரியாகும் என்பது அவர் கொள்கை.

இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு மணி நேரம்

மாலைப் பயிற்சி இரண்டு மணி நேரம். அதற்காக உட்டனும் உதவியாளர்களும் காலையில் கூடி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். எந்தப் பயிற்சி எத்தனை நிமிஷம்? யார் யாரோடு ஆடுவது? எல்லாவற்றையும் சிறிய அட்டைகளில் எழுதிக் கொள்வார்கள். அட்டையில் உள்ளபடி நிமிஷக் கணக்கில் வேலை நடக்கும்.

அந்தக் காலைக் கூட்டத்தில் உட்டனுக்கு ஒன்று பிடிக்காது. தாம் சொல்வதற்கெல்லாம் 'ஆமாம் சாமி' போடும் உதவியாளர் தமக்கு வேண்டாம் என்பார். மறுத்துப் பேசுங்கள், வாதாடுங்கள் என்பார். ஆனால் முடிவு எடுத்த பிறகு எல்லாரும் ஒரே குரலில் பேச வேண்டும்.

சொல்வது சுலபம். உண்மையிலேயே ஒருவர் மறுத்துப் பேசினால்?

நார்மனின் பிடிவாதம்

அப்படிப் பேசியவர் ஜெர்ரி நார்மன். இவர் உட்டனிடமே ஆடிப் பழகிய பழைய மாணவர். மாணவராக இருந்தபோது முரட்டுப் பிடிவாதக்காரர். ஒரு முறை உட்டன் இவரைக் கோஷ்டியை விட்டே விலக்கி வைத்தார்! அதே மாணவரைப் பிற்பாடு கூப்பிட்டு உதவிப் பயிற்சியாளர் ஆக்கினார்.

1963 வரை யு.சி.எல்.ஏ. ஒரு தேசியப் பட்டம்கூட வாங்கவில்லை. உட்டன் வந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்த ஆட்டக்காரர்களோ குள்ளம். முதல் ஐந்து பேரில் 6 அடி 5 அங்குலத்துக்கு மேல் ஒருவரும் இல்லை. நமக்கு அது பெரிய உயரம். கூடைப்பந்தில் அது போதாது. கூடை 10 அடி உயரத்தில் அல்லவா இருக்கிறது!

நார்மன் ஒரு யோசனை சொன்னார். எதிரிகள் நம் கூடைக்குப் பக்கத்தில் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அவர்கள் பந்தை உள்ளே எறியும் இடத்திலேயே போய் மறித்தால் என்ன? முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர்.

பந்தை 10 விநாடிக்குள் பாதி மைதானத்தைத் தாண்டிக் கொண்டு போக வேண்டும் என்பது விதி. மறித்தால் எதிரி பதறுவான். பதறினால் தப்பாக எறிவான். இதற்கு உயரம் வேண்டாம். வேகமான கால்கள் போதும்!

உட்டனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நார்மன் விடவில்லை. திரும்பத் திரும்ப வாதாடினார். கடைசியில் உட்டன் சம்மதித்தார்.

பலன்? அந்தப் பருவத்தில் 30 ஆட்டம், 30 வெற்றி! 1964 மார்ச் மாதம் இறுதி ஆட்டம். எதிரி டியூக் பல்கலைக்கழகம். அவர்களிடம் 6 அடி 10 அங்குல உயரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் முதல் பாதியில், ஏறக்குறைய இரண்டரை நிமிஷத்தில், யு.சி.எல்.ஏ. விடாமல் 16 புள்ளிகள் எடுத்தது. டியூக் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை! முடிவு 98-83. முதல் பட்டம் கைக்கு வந்தது.

பெரியவர்களைத் தோற்கடித்த சிறுவர்கள்

இன்னோர் உதவியாளர் கேரி கன்னிங்காம். இவரும் உட்டனின் பழைய மாணவர்தான். முதலாண்டு மாணவர் கோஷ்டி இவர் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பெரிய கோஷ்டியில் ஆடக் கூடாது.

1965 நவம்பரில் புதிய அரங்கம் திறந்தபோது இரண்டு கோஷ்டிகளும் மோதின. பெரிய கோஷ்டி அந்த ஆண்டு நாட்டுக்கே சாம்பியன். ஆனால் ஜெயித்தது யார்? கன்னிங்காமின் சிறுவர்கள்! 75-60. அந்தச் சிறுவர்களில் ஒருவர் 7 அடி உயரத்துக்கு மேல் வளர்ந்த லூ அல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று புகழ் பெற்றவர் இவரே.

1968-ல் நடந்த ஹூஸ்டன் ஆட்டத்தை முதலில் சொன்னோம் அல்லவா? அதில் யு.சி.எல்.ஏ. 71-69 என்று தோற்றது. எதிர்க்கோஷ்டியின் எல்வின் ஹேஸ் ஒருவரே 39 புள்ளிகள் எடுத்தார். இரண்டு மாதத்தில் அதே ஹூஸ்டனோடு அரை இறுதி. நார்மன் மறுபடியும் யோசனை சொன்னார். நான்கு பேர் வைர வடிவில் நிற்கட்டும். ஐந்தாமவர் ஹேஸை விட்டு நகரவே கூடாது. ஹேஸ் எடுத்தது 10 புள்ளிதான்! முடிவு 101-69.

அந்தப் பருவத்தோடு நார்மன் பயிற்சித் தொழிலையே விட்டுப் பங்குத் தரகுத் தொழிலுக்குப் போய்விட்டார். ஊர் அவரை மறந்தது. உட்டன் மறக்கவில்லை. அந்த மறிப்பு ஆட்டத்துக்குத் தம்மைச் சம்மதிக்க வைத்தவர் நார்மன்தான் என்று தாமே சொல்லியிருக்கிறார்.

குருவும் சீடனும்

அடுத்து டென்னி கிரம். இவரும் பழைய மாணவர். பள்ளிக்கூடங்களுக்குப் போய் நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். பில் வால்ட்டன் என்ற பையனைப் பார்த்துவிட்டு வந்து, இவனைப் போல ஒருவனை நான் பார்த்ததே இல்லை என்றார். உட்டன் முதலில் நம்பவில்லை. அந்த வால்ட்டன் 1973 இறுதி ஆட்டத்தில் 22 முறை எறிந்து 21 முறை கூடையில் போட்டார். மொத்தம் 44 புள்ளிகள்!

கிரமும் மறுத்துப் பேசுகிறவரே. 1971 அரை இறுதியின்போது இருவரும் பெஞ்சியிலேயே வாக்குவாதம் செய்தார்கள். கோஷ்டி பட்டம் வென்றது. கிரம் லூயிவில் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார்.

1975 அரை இறுதியில் குருவும் சீடனும் எதிரெதிரே நின்றார்கள். ஆட்டம் சமநிலையாகி, கூடுதல் நேரம் வரை போனது. 75-74. ஒரே ஒரு புள்ளியில் குரு ஜெயித்தார்! அன்றுதான் உட்டன் தம் பிள்ளைகளிடம், அடுத்த ஆட்டத்தோடு ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னார். அந்தக் கடைசி ஆட்டத்திலும் வெற்றி. அது பத்தாவது பட்டம்.

கிரம் காத்திருந்தார். 1980 இறுதி ஆட்டத்தில் அவருடைய லூயிவில் 59-54 என்று ஜெயித்தது. தோற்றது எது? யு.சி.எல்.ஏ.!

பிறகு என்ன ஆயிற்று?

உட்டன் போன பிறகு யு.சி.எல்.ஏ.வுக்கு அடுத்த பட்டம் கிடைக்க 20 ஆண்டுகள் ஆயின. 1995-ல் அதை வாங்கித் தந்தவர் ஜிம் ஹாரிக். அவர் யாரிடம் உதவியாளராக இருந்தவர் தெரியுமா? 1977 முதல் 1979 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்த அதே கேரி கன்னிங்காமிடம்!

உட்டன் 2010-ல், நூறு வயதை எட்ட நாலே மாதம் இருந்தபோது, காலமானார். கிரம் 2023-ல் மறைந்தார்.

வீட்டிலும் சரி, கடையிலும் சரி, தலைவராக இருப்பவருக்குத் தாம் சொல்வதே சரி என்று தோன்றும். தம்மிடம் படித்த பையன் எதிரே நின்று, ஐயா, இது சரியல்ல என்றால் கோபம் வரும். உட்டனுக்கும் வந்தது. ஆனாலும் காது கொடுத்துக் கேட்டார். 15 ஆண்டுகள் வராத பட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது.