ஆளில்லாத கடையில் அசையும் மவுஸ்

மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் பண்ருட்டி முந்திரிக் கடைகளில் கணினிக்கு ராத்தூக்கம் கிடையாது. ஷட்டரைப் பூட்டிவிட்டு முதலாளி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடைக்குள் மவுஸ் அம்பு தானாக நகரும். கடலூரிலோ விழுப்புரத்திலோ உட்கார்ந்திருக்கும் ஆடிட்டர் ஆபீஸ் பையன், தூரத்திலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க் செயலி வழியாக டேலி கணக்கு மென்பொருளுக்குள் நுழைந்து, ஜிஎஸ்டியின் 3பி மாதப் படிவத்துக்குக் கணக்கைத் தேற்றிக்கொண்டிருப்பான்.

முந்திரிக் கணக்கு வம்பு பிடித்தது. தோல் உடைக்காத கொட்டையை விவசாயியிடம் வாங்கினால் வாங்கியவரே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். காடாம்புலியூர்ப் பக்கம் எழுதிய கொள்முதல் சீட்டு ஒன்று தப்பான தலைப்பில் ஏறினால் மாதக் கணக்கே இடிக்கும். இதற்கெல்லாம் ஒருவர் பஸ் ஏறி வந்த காலம் போய்விட்டது. வசதிதான், மறுப்பதற்கில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவின் பிரிண்டரை, பெங்களூரு மகன் சரிசெய்வதும் இப்படித்தான். ஆனால் அங்கே அப்பா எதிரில் இருக்கிறார். இணைப்பு எண்ணைச் சொல்வதும் 'அக்செப்ட்' அழுத்துவதும் அவர்தான். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு டீ குடிக்கப் போவார்.

கடையில் அக்செப்ட் அழுத்த ஆள் கிடையாது. அதனால் 'அன்அட்டெண்டட் அக்சஸ்' என்று நிரந்தரக் கடவுச்சொல் போட்டு வைக்கிறார்கள். கடை பேர், பின்னால் 123. 'அடுத்த முறை தானாக உள்ளே விடு' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் அந்தப் பையனின் லேப்டாப்புக்கு அதுகூடத் தேவையில்லை. பையன் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விடுவான். சாவி அவனோடு போகும். போதாக்குறைக்கு, ஜிஎஸ்டியில் கையெழுத்துப் போடும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனை யுஎஸ்பி துளையிலிருந்து யாரும் பிடுங்குவதில்லை. பிரவுசரில் வங்கிக் கடவுச்சொல் சேமித்திருக்கும். பூட்டை மட்டும் ஷட்டரில் தேடுகிறோம்!

"ராத்திரி பதினோரு மணிக்கு முதலாளியை எழுப்பி அக்செப்ட் அழுத்தச் சொல்ல முடியுமா?" என்பது கணக்கர்கள் தரப்பு. நியாயம்தான். அப்படியானால் அந்த ஒரு ராத்திரிக்குத் திறந்து, 21-ஆம் தேதி காலை மூடலாமே?

மூடுவது ஐந்து நிமிட வேலை. எனிடெஸ்க்கின் செக்யூரிட்டி பகுதியில் கடவுச்சொல்லை மாற்றி, தானாக உள்ளே விடச் சேமித்த டோக்கன்களையும் அழித்துவிட வேண்டும். இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவைக்கலாம். யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலில் ஆடிட்டர் ஆபீஸ் எண்ணை மட்டும் விடலாம். பகல் வேலைக்கு விண்டோஸில் இருக்கும் குவிக் அசிஸ்டே போதும்: கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும், அதன் குறியீடு பத்து நிமிடத்தில் செத்துவிடும். ரூட்டரில் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்து வைத்து 'நேராக வரலாம்' என்று சொல்லும் ஆளிடம் மட்டும் ஜாக்கிரதை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தக் கதவைத்தான்.

எனிடெஸ்க் போன்ற திரைப் பகிர்வுச் செயலிகளால் பணம் பறிபோவது பற்றி வங்கிகளுக்கு 2019 பிப்ரவரியிலேயே எச்சரிக்கை போயிருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிப்படி, வெளியாள் செய்த திருட்டு என்றால் மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டமில்லை. கடவுச்சொல்லை நாமே கொடுத்திருந்தால் கதை வேறு: வங்கிக்குச் சொல்லும் நிமிடம் வரை போனதெல்லாம் நம் கணக்கில்தான்.