கட்டணமில்லாக் கலைவிழாவும் குடியிருப்பின் தமிழும்

ஒரு மொழி வழங்கும் களங்களை ஆராயும்போது பள்ளி, இல்லம், ஊடகம் ஆகிய மூன்றையே நாம் பெரும்பாலும் கருத்திற் கொள்கிறோம். நான்காவதொரு களமும் உண்டு. கோயில் வளாகம், பாலாய் ராயா, தாமானின் விளையாட்டுத் திடல் ஆகிய பொதுவிடங்களில் கட்டணமின்றி நடைபெறும் கலைநிகழ்ச்சிகளே அக்களம். பாயா ரும்புட், செங் வட்டாரக் குடியிருப்புகளை மனத்திற்கொண்டு, இந்நிகழ்ச்சிகள் தமிழுக்கு எதைச் செய்ய வல்லன, எதைச் செய்ய மாட்டா என்பதை இப்பொழிவில் விளக்க முற்படுகிறோம்.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். 'இலவசம்' என்பது, பெறுபவர் பொருள் கொடுக்கவில்லை என்பதை மட்டுமே உணர்த்தும். 2011ஆம் ஆண்டிற்குப் பின் தமிழ்நாட்டரசு தன் திட்டங்களுக்குச் சூட்டிய 'விலையில்லா' என்னும் அடையும் பெறுபவர் பக்கத்தையே காட்டுகிறது. கோயில் வழக்கிலுள்ள 'உபயம்' அத்தகையதன்று. வடமொழியில் 'இரண்டு' எனப் பொருள்படும் இச்சொல், தமிழில் கோயிலுக்கு அளிக்கும் காணிக்கையையும் குறிக்கலாயிற்று. திருவிழாவில் ஒரு நாளின் செலவை ஏற்பவர் உபயதாரர். காண்பவர் காசு கொடுப்பதில்லை. ஆயினும் செலவை ஏற்றவர் இன்னார் என்பதை ஊரே அறியும்.

இம்முறை மிகப் பழையது. கூத்தர்க்கு விடப்பட்ட நிலம் 'கூத்துக்காணி' எனக் கல்வெட்டுகளில் வழங்கும். தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தர் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட்டதை இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. நாளொன்றுக்கு ஒரு தூணி என்பது கணக்கு. மூன்று தூணி ஒரு கலமாதலின், 360 நாளுக்கு 120 கலம் ஆயிற்று. காண்போர்க்குக் கட்டணமில்லை, கலைஞர்க்கோ ஆண்டு முழுமைக்கும் உணவுண்டு. கட்டணமில்லாக் கலை என்பது செலவில்லாக் கலையன்று என்பதை மாணவர்கள் இதனால் உணரலாம்.

மலாக்காவிலும் இம்மரபு வேரூன்றியது. டச்சு ஆட்சிக் காலத்தில், 1781இல், ஜாலான் துக்காங் எமாசில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் எழுந்தது. மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குத் தேர் செல்லும் விழாவும், அதையொட்டிய தண்ணீர்ப் பந்தல்களும் அன்னதானமும் இவ்வட்டாரத்தார் நன்கறிந்தவை. சமயச் சார்பற்ற மரபும் நமக்குண்டு. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள், சாதி சமய வேறுபாடின்றித் தமிழரை ஒரே மேடைக்கு அழைத்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, திடலும் மேடையும் தாமானுக்கு இடம்பெயர்ந்தன.

இனி மொழியியல் நோக்கிற்கு வருவோம். ஒரே சமூகத்தில் உயர்வழக்கும் பேச்சுவழக்கும் பணி பிரித்து நிற்பதைச் சார்லசு பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு நிலை என விளக்கினார். தமிழ் இதற்குச் சிறந்த சான்று. வீட்டில் குழந்தை கேட்பது பேச்சுத்தமிழ். பாடநூலில் படிப்பது எழுத்துத்தமிழ். இவ்விரண்டிற்கும் இடையே, உயர்வழக்கைத் தேர்வச்சமின்றிக் காதாற் கேட்கும் இடம் எது? விழா மேடையே அது. வரவேற்புரை, பட்டிமன்றம், நாடக உரையாடல், வாழ்த்துப்பா ஆகியவற்றில் செந்தமிழ் உயிருள்ள குரலாக ஒலிக்கிறது. பள்ளிக்கு வெளியே அது வழங்குவதைக் குழந்தை காண்பது இங்கேதான்.

ஆயினும் விழா மட்டுமே மொழியைக் காத்துவிடும் எனக் கருதுதல் பொருந்தாது. மலாக்காவின் காஜா பேராங்கில் வாழும் சிட்டி சமூகத்தார் இதற்குத் தக்க சான்றாவர். தலைமுறை தலைமுறையாகக் கோயிலையும் வழிபாட்டையும் பொங்கலுக்கு முந்திய போகிப் படையலையும் அவர்கள் அருமையாகப் பேணி வருகின்றனர். மாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என அழைக்கின்றனர். 'சாச்சார்' என்பது அம்மை நோயைக் குறிக்கும் மலாய்ச் சொல். அவர்தம் வீட்டுமொழியோ தமிழ்ச் சொற்கள் கலந்த மலாய். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அவர்தம் பண்பாட்டு உறுதி வியத்தற்குரியது. நாம் கொள்ளும் பாடம் ஒன்றே: சடங்கும் கலையும் நிலைத்திருக்க, மொழி மட்டும் மாறிவிடுதல் இயலும். ஒரு மொழி நிலைபெறுவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது செல்வதாலேயே என யோசுவா பிசுமன் வலியுறுத்தியதும் இதனோடு ஒத்ததே.

எனவே ஒரு கலைநிகழ்ச்சியை மொழி நோக்கில் மதிப்பிட நாம் கேட்க வேண்டிய வினா, 'எத்தனை பேர் வந்தனர்?' என்பதன்று, 'எத்தனை பிள்ளைகள் தமிழில் வாய் திறந்தனர்?' என்பதே. ஒலிப்பதிவுப் பாடலுக்கு ஆடும் பிள்ளை தமிழைக் கேட்கிறது, பேசவில்லை. ஆடல் வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆட்டத்திற்கு முன் அதே பிள்ளை அப்பாடலின் பொருளை நான்கு தொடர்களிற் சொல்லட்டும் என்கிறோம். மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன் நகரை அணிசெய்யச் சொல்வதோடு நில்லாமல், கற்றோரைப் பட்டிமண்டபம் ஏறவும் அழைக்கிறான். விழா என்றாலே பேச்சும் உண்டு என்பது நம் தொன்மரபு.

'தமிழிலேயே நடத்தினால் பிற இன அண்டை வீட்டார் வாரார். இளையோரும் சலிப்புறுவர்' என்பாரும் உளர். புறக்கணிக்கத்தக்க கூற்றன்று இது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் மலாயில் சுருக்கமான அறிமுகம் தரலாம். அது விருந்தோம்பலின் பாற்படும். ஆனால் அறிமுகத்திற்குரிய மொழி நிகழ்ச்சியின் மொழியாகிவிடின், தமிழ் மேடை அலங்காரமாகவே எஞ்சும்.

ஆசிரியர்கள் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். முதலாவது, நெறியாளர் பணியை மாணவர்க்கு அளித்து, அறிவிப்புகளை அவர்களையே தமிழில் எழுதச் செய்தல். இரண்டாவது, தோட்ட வாழ்வை அறிந்த முதியோர் ஒருவரைப் பத்து நிமிடம் பேசவைத்து, பால்மரம் வெட்டுதல் தொடர்பான சொற்களை மாணவர் குறித்துக்கொள்ளச் செய்தல். மூன்றாவது, உபயதாரர், சமையலர், நாற்காலி அடுக்கியோர் ஆகிய அனைவர்க்கும் மாணவர் ஒருவர் மேடையில் நன்றியுரை கூறல். செலவையும் உழைப்பையும் ஏற்றவர்களை அறிந்த பிள்ளை, வளர்ந்தபின் தானும் ஓர் உபயத்தை ஏற்கும்.

'பாயா' என்றால் சதுப்பு நிலம். 'ரும்புட்' என்றால் புல். புல் நிலைப்பது ஒருநாட் பெருமழையாலன்று. மண்ணில் நீங்காத ஈரத்தால். ஆண்டுக்கொரு பெருவிழாவைவிட, மாதந்தோறும் பத்துப் பிள்ளைகள் தமிழிற் பேசும் சிறுமேடையே தாமானுக்குத் தேவை. அதற்கு நுழைவுச்சீட்டு வேண்டா. முன்வந்து உபயம் ஏற்போர் சிலரே வேண்டும்.