பில் மென்பொருளைப் புதுப்பிக்கும் முன்...

பேரேட்டில் புதிய பத்தி தேவைப்பட்டால் அடுத்த பக்கத்தில் கோடு போட்டுக் கொள்வோம். பழைய பக்கங்கள் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டரில் அப்படியல்ல. கணக்கு முழுவதும் ஒரே அட்டவணையில் இருப்பதால், சேர்க்கும் பத்தி பழைய பில்களையும் தொடும்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது 'வாட்' இருந்த இடத்தில் மத்திய வரி, மாநில வரி என இரு பத்திகள் தேவைப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் பல சரக்குகளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகவும், 28-லிருந்து 18 சதவீதமாகவும் குறைந்தது. சரக்குப் பட்டியலில் இருந்த ஒரே விகிதத்தை அழித்து எழுதும் மென்பொருளாக இருந்தால், ஆகஸ்ட் மாத பில்லை இன்று எடுத்தாலும் புதிய வரியே வரும்! விற்ற அன்றைய விகிதம் பில்லிலேயே பதிவாகியிருக்க வேண்டும்.

நல்ல மென்பொருள் இந்த மாற்றங்களை எப்படிச் செய்கிறது? கணக்குக் கோப்பின் அமைப்புக்கு ஓர் எண் உண்டு. பரவலாகப் பயன்படும் எஸ்.க்யூ.லைட் கோப்பின் தலைப்பிலேயே இதற்கென இடம் உள்ளது. மென்பொருள் திறந்தவுடன் அந்த எண்ணைப் பார்க்கிறது. கோப்பு 3-ல் இருந்து, மென்பொருளுக்கு 5 தேவையென்றால், முதலில் 3-லிருந்து 4, பிறகு 4-லிருந்து 5 என்று வரிசையாக மாற்றும். ஒவ்வொரு படியும் முழுமையாக முடிந்தால்தான் எண் ஏறும். நடுவில் மின்சாரம் போனால் அந்தப் படி தொடங்குமுன் இருந்த நிலைக்கே கோப்பு திரும்பிவிடும். இதனால் இரண்டு புதுப்பித்தல்களைத் தவறவிட்ட கடையும் பாதிக்கப்படாது.

எனவே, மென்பொருள் தருபவரிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. மாற்றத்துக்கு முன் தானாகவே பிரதி எடுக்கிறதா? அந்தப் பிரதியைத் திறந்து பார்த்தீர்களா?

2. பழைய பில் அன்று அச்சான தொகையிலேயே மீண்டும் வருகிறதா?

3. ஒரு கவுண்டரில் மட்டும் பழைய மென்பொருள் இருந்தால், புதிய கோப்பைத் திறக்க மறுக்கிறதா?

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டியது நமது பொறுப்பு. அதிகாரி கேட்கும்போது, "மென்பொருள் மாறிவிட்டது" என்ற பதில் செல்லாது. ஆகவே, கடையடைத்த பிறகு, பிரதி எடுத்துக்கொண்டு, எல்லாக் கவுண்டர்களிலும் ஒன்றாகப் புதுப்பிப்போம்.