பயற்றங்கொடியின் வேர்க்கணக்கு

கலேவெலப் பக்கம் தோட்டம் செய்யும் நானா ஒருவர், போன சிறுபோகத்தில் இரண்டு பயற்றங்கொடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்களே. யூரியா போட்ட பாத்தியில வேர் சுத்தமா இரிக்கி. போடாத பாத்தியில கொப்புளம் கொப்புளமா இரிக்கி. என்ன வருத்தம் இது? மருந்தடிக்கணுமா?"

நான் தமிழ் படிப்பிக்கிறவள். விஞ்ஞான ஆசிரியர் வராத பாடவேளைகளை நிரப்பி நிரப்பியே இதில் எனக்கு ஓர் ஆசை பிடித்துவிட்டது. ஒரு கொப்புளத்தை நகத்தால் பிளந்து காட்டினேன். உள்ளே இரத்தச் சிவப்பு. "வருத்தமில்ல நானா, இதுதான் உங்கட பசளை" என்றேன். வட்டப்புழுவால் வரும் வீக்கம் வேரோடு வேராக ஊதியிருக்கும். இதுவோ வேரின் பக்கத்தில் மணிபோல ஒட்டியிருக்கும், தட்டினால் உதிரும்.

நமது பாடநூல்கள் இதை வேர்ச்சிறுகணு என்கின்றன. தமிழ்நாட்டார் வேர்முடிச்சு என்பார்கள். கணு என்றால் இலை முளைக்கும் இடம் என்றுதான் பிள்ளைகளின் மனதில் பதிந்திருக்கிறது. எனக்கு முடிச்சு என்ற சொல்லே பிடிக்கிறது.

வளியில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தான். ஆனால் எந்தச் செடியாலும் அதை நேரே எடுக்க முடியாது. றைசோபியம் என்ற பற்றீரியாவால் முடியும். அது அவரையினச் செடியின் வேருக்குள் குடியிருந்து நைதரசனை அமோனியாவாக மாற்றிக் கொடுக்கிறது. செடி அதற்குச் சீனியைக் கொடுக்கிறது. இந்தச் சீனி சும்மா வருவதல்ல. ஒரு நைதரசன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏரிபி மூலக்கூறுகள் செலவாகின்றன. எனவே எத்தனை முடிச்சு வேண்டும் என்பதைச் செடி கவனமாகக் கணக்குப் பார்க்கிறது. அந்தக் கணக்கை நடத்துபவை ஓமோன்கள்.

வேர் மண்ணில் கசியவிடும் பிளேவனொயிட்டுப் பொருள்களை உணர்ந்த பற்றீரியா, பதிலுக்கு ஒரு சமிக்ஞை மூலக்கூறை அனுப்புகிறது. வேர்மயிர் சுருண்டு அதை உள்ளே எடுக்கிறது. உடனே வேரின் உட்கலங்களில் சைற்றோகைனின் என்ற ஓமோன் வேலை செய்யத் தொடங்கும். ஓய்ந்திருந்த கலங்கள் பிரிந்து முடிச்சாகும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு என்னை வியக்க வைத்தது. லோட்டஸ் ஜப்போனிக்கஸ் என்ற சிறு அவரையினச் செடியில் சைற்றோகைனினை உணரும் வாங்கி எப்போதும் விழித்தபடியே இருக்குமாறு மாறிப்போன ஒரு வகை கிடைத்தது. அதில் பற்றீரியா ஒன்றுகூட இல்லாமலே முடிச்சுகள் வந்தன! விருந்தாளி வராமலே பந்தி விரித்த கதை.

விரிப்பதற்கு ஓர் ஓமோன் இருப்பதுபோல் சுருட்டுவதற்கும் உண்டு. எதிலீன், வாழைப்பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு, வேரில் முடிச்சுகளை மட்டுப்படுத்துகிறது. அதைவிட நுட்பமானது இலையின் பங்கு. முதல் முடிச்சுகள் உருவாகும்போதே வேர் ஒரு சிறிய பெப்ரைட்டு ஓமோனைச் செய்து மேலே அனுப்புகிறது. இலையிலுள்ள வாங்கி அதைப் பிடித்ததும், "போதும்" என்ற கட்டளை வேருக்கு இறங்குகிறது. வழக்கமாக இலையிலிருந்து இறங்கி முடிச்சுக்கு இடம்கொடுக்கும் ஒரு நுண் ஆர்என்ஏ அப்போது குறைந்துபோகிறது என்று 2018இல் கண்டார்கள்.

இந்த வாங்கி பழுதானால்? 1985இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அத்தகைய சோயாச் செடிகளைக் கண்டெடுத்தார்கள். முடிச்சுகள் பல மடங்கு. நைத்திரேற்று ஊற்றினாலும் நிற்கவில்லை. அந்தச் செடியின் தண்டை நல்ல வேரில் ஒட்டினார்கள். நல்ல வேரும் அளவில்லாமல் முடிச்சிட்டது. ஆக, கணக்கை வைத்திருப்பது வேரல்ல, இலைதான். அப்படி முடிச்சு மலிந்த செடிகள் செழித்தனவா என்றால், இல்லை. சீனியெல்லாம் முடிச்சுக்கே போக, வேரும் செடியும் குறுகிப்போயின.

நானாவின் முதல் பாத்திக்கு வருவோம். யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. அதை உணர்ந்த வேரும் அதே வகைப் பெப்ரைட்டுகளைச் செய்து முடிச்சை நிறுத்திவிடும். கடையில் வாங்கியது கைக்கு வந்தபின் வீட்டில் யார் சமைப்பார்கள்? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டார்களே, அதற்குப் பிறகு யூரியா விலை என்ன பாடுபடுத்தியது என்று நானாவிடம் கேட்க வேண்டியதில்லை. அந்த விலைக்கு வாங்கிப் போட்டு, செடி இலவசமாகச் செய்திருக்கும் வேலையை நிறுத்தியிருக்கிறோம். முடிச்சு வேலைக்கு வரும்வரை, முளைத்த சில கிழமைகளுக்கு, சிறிதளவு போடுவதில் நியாயம் உண்டு. அதற்கு மேல் பயற்றைக்கும் கௌபிக்கும் அள்ளிக் கொட்டுவது வீண்.

மாத்தளையில் மிளகுக்கொடி படர நாட்டியிருக்கும் கிளிசரியாவும் அவரைக் குடும்பம்தான். அதன் குழையை வெட்டிக் கொடியின் அடியில் போடும் வழக்கம் அதனாலேயே பலன் தருகிறது. ஆனால் மரத்தை மொட்டையாக வெட்டினால் சீனி அனுப்ப இலை இருக்காது, முடிச்சுகளும் உதிரும். நாலு கிளையாவது விட்டு வெட்டச் சொன்னேன்.

"அப்ப இந்தக் கொப்புளத்துக்கு மருந்து?" என்று எழும்பும்போது திரும்பவும் கேட்டார் நானா.

"ஒன்டும் வேணா நானா. காய் பறிச்சி முடிஞ்சா கொடிய மட்டும் அறுங்க. வேர் மண்ணுக்குள்ளயே கிடக்கட்டும்."